குக் பில்மானுக்கு மகளாக நின்றவள்

பெயர்: பியோ தல்லே. வயது: பதினாறு. தகப்பனார்: பியோ கியுசாங், காலமானவர். தொழில்: மேடைப் பாடகி. முகவரி: சியோல், மாப்போ வட்டம், ஆற்றோர அடுக்ககம், பதினேழாம் மாடி. பதிவு செய்த இடம்: ஜெச்சோன் நகரக் காவல் நிலையம், பெண்கள் மற்றும் சிறார் பிரிவு. பதிவு செய்தவர்: உதவி ஆய்வாளர் தோ மியோங்ஹி.

நான் மேற்கண்ட முகவரியில் என் தாயார் யோம் சுக்கியோங்குடன் வசித்து வருகிறேன். தொழில் என்ற இடத்தில் மாணவி என்று போடலாமா என்று அதிகாரி கேட்டார். இந்த ஆண்டு நான் பள்ளிக்கூடம் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் பாடகி என்றே போடச் சொன்னேன். சிறார் என்ற முறையில் தாயாரை அருகில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று சொல்லப்பட்டது. நான் வேண்டாம் என்றேன். அவருக்குப் பதிலாகச் சிறார் நல ஆலோசகர் அம்மையார் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். என் தாயார் வெளியே நடைவழியில் இருக்கிறார். ஜெச்சோனைச் சேர்ந்த குக் பில்சுன், வயது ஐம்பத்தெட்டு, என்பவர் என்னைக் கடத்திச் சென்று சாவு வீட்டில் அடைத்து வைத்ததாக என் தாயார் கொடுத்த புகார் தொடர்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். அந்தப் புகார் பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேட்டிகளில் நான் முக்கியமான விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது தொலைக்காட்சியில் நடந்த துரொத் என்ற பழைய பாணிச் சோகப் பாட்டுப் போட்டியில் கலந்துகொண்டேன். பெரியவர்கள் குடித்துவிட்டு அழுகிற பாட்டை முன்பல் விழுந்த ஒரு சிறுமி பாடியதால் அரங்கம் முழுக்க அழுதது. எனக்கு அந்தப் பாட்டுகளின் அர்த்தம் தெரியாது. விட்டுப் போன ஆம்பளையை நினைத்துப் பாட வேண்டிய இடத்தில், பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த உன் குடையை நினைத்துக்கொள் என்று என் தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். அவர் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். குடையே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு எனக்கு நாட்டின் கடைக்குட்டி என்று பெயர் வந்தது.

அது முதல் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் "நம்ம கடைக்குட்டி வந்துட்டா பாரு" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். ரசிகர் மன்றத்துப் பெண்கள் தங்களைச் சித்திகள் என்று சொல்லிக்கொண்டார்கள். பஸ் பஸ்ஸாக எனக்குச் சித்திகள் இருந்தார்கள். என் பிறந்த நாளுக்குச் சுரங்க ரயில் நிலையச் சுவரில் என் முகத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டினார்கள். அன்று வெவ்வேறு ஊர்களில் நிகழ்ச்சி இருந்ததால் பிறந்த நாளுக்கு வைக்கிற கடற்பாசிச் சூப்பை வீட்டில் யாரும் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் நாட்களில் சாப்பாட்டு வேளையில் என் மேசையைச் சுற்றி நிறையப் பேர் நிற்பார்கள், ஆனால் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்குப் பதினாறு வயதான பிறகும் இரட்டைப் பின்னலும், ஹன்போக் என்ற நம் பழங்கால உடையில் இளஞ்சிவப்பு ஒன்றும்தான் வேஷம். பேட்டியில் ஒன்பது வயதுக் குரலில் பேச வேண்டும் என்பது நிறுவனத்தின் ஏற்பாடு. என் சொந்தக் குரல் கொஞ்சம் கட்டை. அதை வீட்டில் பேசினாலும் என் தாயார் திரும்பிப் பார்ப்பார்.

எனக்குப் பதினொரு வயதானபோது என் தகப்பனார் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு நான் ஒரே பிள்ளை. ஆகவே வெள்ளை நாடா வைத்த ஊசியைத் தலையில் குத்திக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்குக் குனிந்து வணக்கம் செய்ய வேண்டியவள் நான்தான். சித்திகள் மன்றத்து மஞ்சள் சட்டையோடு பஸ் பிடித்து வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் என் தகப்பனார் படத்துக்கு அவசரமாகக் குனிந்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்கள். என் தாயார் என் காதருகே, "தல்லே, இந்தப் பக்கம் திரும்பி அழும்மா, அங்க தூண் மறைக்குது" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெட்டியில் வைப்பதற்கு முன் குடும்பத்தார் முகம் பார்க்கிற நேரத்தில் நான் வெளியே பேட்டியில் நின்றேன். உள்ளே வந்தபோது மூடிவிட்டார்கள். அதன் பிறகு யாரோ ஒரு மாமா, அப்பாவுக்குப் பிடித்த பாட்டை ஒரு தடவை பாடச் சொன்னார். நான் பாடினேன். பாடி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பாட்டை அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும் பாடி வருகிறேன். தகப்பனை வழியனுப்பிய பாட்டு என்று அறிவிப்பாளர் சொல்லுவார். இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் நான் அழ வேண்டும். அந்த வரியில் அழுது பழகிவிட்டேன். அதனால் வேறு எந்த இடத்திலும் எனக்கு அழுகை வரவில்லை. என் தகப்பனாருக்காக நான் இதுவரை அழுதேனா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்பதே உண்மை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நிகழ்ச்சிக்குக் காத்திருந்தபோது கழிப்பறை தேடி ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அங்கே, இறந்தவரின் படத்தை வைத்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிற சாவுக்கூடம் இருந்தது. கறுப்புக் கோட்டும் முகக்கவசமும் போட்டிருந்த என்னை யாரோ ஓர் அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "சாப்பிடும்மா, தூரத்துல இருந்து வந்திருப்ப" என்று காரச் சூப்பும் சோறும் வைத்தார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. சாவுக்கூடத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை, வேறு பக்கத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு அங்கே யாரும் படம் எடுக்கப் போனைத் தூக்குவதில்லை. நான் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே அழுதேன். நன்றாக இருந்தது. அதன் பிறகு வெளியூர் போகும்போதெல்லாம், நேரம் கிடைத்தால், பக்கத்து மருத்துவமனைக்குப் போய், வாசலில் செருப்புக் குறைவாகக் கிடக்கிற அறையாகப் பார்த்து உள்ளே போய்க் குனிந்துவிட்டு, பெயர் எழுதாத பண உறையைத் துக்கக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் சூப்பு குடித்துவிட்டு வருவேன். இதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரியவில்லை.

சம்பவ நாளான வெள்ளிக்கிழமை பகலில் ஜெச்சோன் மூலிகைத் திருவிழா மேடையில் பாடினேன். அந்த வரியில் கண்ணீர் வரவில்லை. முகத்தைக் கையால் மூடிச் சமாளித்தேன். இறங்கி வந்ததும் என் மேலாளர் மியோங் அண்ணன், "என்ன கடைக்குட்டி, குழா அடைச்சுக்கிச்சா? நாளைக்கு நேரலை. அங்கயும் இப்படி மரம் மாதிரி நின்னேன்னு வை, நம்ம எல்லாரும் வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார். அவர் எப்போதும் அப்படிப் பேசுகிறவர்தான், கெட்டவர் இல்லை. அவர் காபி வாங்கப் போனார். நான் பொதுக் கழிப்பறையில் முகப்பூச்சைக் கழுவி, பின்னலை அவிழ்த்து, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, போனை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்து போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. குக் பில்சுன் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் மூன்றாம் அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் சிமெண்டு படிந்த வேலை பூட்சுகளும் மட்டும் கிடந்தன. உள்ளே குக் பில்மான், வயது நாற்பத்தொன்பது, என்பவருடைய படம் இருந்தது. வேலை அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் சற்று மங்கலாக இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் ஊதுவத்தி ஏற்றிவிட்டு முதல் தடவை தரையில் விழுந்து வணங்கினேன். இரண்டாம் தடவை விழுந்தபோது அழுகை வந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. அப்போது இறந்தவரின் அக்காவான மேற்படி பில்சுன் ஓடி வந்து என்னைத் தூக்கினார்.

"இதுன்! இதுன் தானேடி நீ? வந்துட்டியாடி என் தங்கமே! வரமாட்டேன்னு நெனச்சு ரெண்டு நாளா வாசலையே பார்த்துட்டுக் கிடந்தேன்டி" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். அதன் பிறகு படத்தைப் பார்த்து, "டேய் பில்மான், உம் பொண்ணு வந்துட்டாடா! பாருடா, எவ்வளவு பெருசாயிட்டா பாருடா!" என்று கத்தினார்.

பின்னால் எனக்குத் தெரியவந்த விவரம் என்னவென்றால், பில்மானின் மனைவி நாலு வயது மகள் இதுனைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளையை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. பழைய முகவரிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஆகவே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்து படத்தின் முன்னால் விழுந்து அழுதால் அவள் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததில் மேற்படி பில்சுன் மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது. நான் அவள் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. நாடு முழுக்க என் முகத்தைத் தெரிந்து வைத்திருக்கிறபோது ஒருவர் என்னை வேறு யாரோ என்று நினைத்துக் கட்டிக்கொண்டார். அந்தக் கையை விலக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்று மட்டும் பதில் சொன்னேன்.

அதன் பிறகு அவர் எனக்குக் கறுப்புச் சாவு உடையை உடுத்தி, வெள்ளை நாடா ஊசியைத் தலையில் குத்தி, படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டேன். வந்தவர்களுக்குக் குனிந்து வணங்கினேன். அதிகம் பேர் வரவில்லை. சூப்புக் கிண்ணங்களைத் தூக்கினேன். சிமெண்டு ஆலையில் பில்மானோடு வேலை பார்த்த பாங் என்ற பெரியவரும் இன்னும் சிலரும் சீட்டு விளையாடிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். அவர்கள் என்னை உட்கார வைத்து என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்கள். அதாவது பில்மானைப் பற்றி. அவர் ஜோக்கு சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே தானே சிரித்துவிடுவாராம், அதனால் எந்த ஜோக்கின் முடிவும் இன்று வரை ஆலையில் யாருக்கும் தெரியாதாம். வெள்ளரிக்காயைக் கண்டால் முகத்தைச் சுளித்து யார் தட்டிலாவது தள்ளிவிடுவாராம். "என் தட்டுல தள்ளித் தள்ளி, இருவது வருஷமா எனக்கு வெள்ளரிக்காதாம்மா சோறு. இனிமே நிம்மதி" என்று சொன்ன பாங், சீட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மேற்படி பில்சுன் என்னிடம், "உன் பொறந்த நாளுக்கு வருஷா வருஷம் கடற்பாசிச் சூப்பு வப்பான்டி. வச்சு, அவனே குடிச்சிட்டு வேலைக்குப் போவான். ஏன்டா உனக்கு இந்தப் பைத்தியம்னு கேட்டா, அவ எங்கயோ குடிச்சிட்டு இருப்பால்ல, நானும் குடிக்கிறேன்னு சொல்லுவான்" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யாரென்று தெரியாத ஒரு பெண் மேல், அவள் தகப்பன் செத்துக் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பொறாமைப்பட்டேன். அன்று அந்தக் கூடத்தின் சிறிய அறையில் அத்தை பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். அவர் தன் கோட்டை எனக்குப் போர்த்தினார். அவருடைய குறட்டை பலமாக இருந்தும் எனக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்தது. மேற்படி நபரை அத்தை என்று குறிப்பிட்டதை மாற்ற வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம்.

சனிக்கிழமை காலை கூடத்துத் தொலைக்காட்சியில் நாட்டின் கடைக்குட்டியைக் காணவில்லை என்ற செய்தி ஓடியது. இரட்டைப் பின்னலும் ஹன்போக்குமாக என் படம் வந்தது. நான் அதற்கு நேர் கீழே கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தேன். பாங் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு எழுந்து பதுக் என்ற காய் வைத்து ஆடும் ஆட்டம் ஓடுகிற சேனலுக்கு மாற்றி வைத்தார். "காலங்காத்தால நியூஸ் என்ன வேண்டிக்கிடக்கு" என்றார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு பெட்டியில் வைக்கும் நேரம் வந்தது. குடும்பத்தார் வந்து முகம் பார்க்கலாம் என்று ஆள் வந்து கூப்பிட்டார். இந்த இடத்தில் நான் உள்ளே போகாமல் நின்றிருக்க வேண்டும். தலைவலி என்றோ பயம் என்றோ சொல்லியிருக்கலாம். அத்தை கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பில்மானைச் சணல் துணியால் சுற்றி, முகம் மட்டும் தெரிய வைத்திருந்தார்கள். தலையை ஈரம் தொட்டு வாரியிருந்தார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் சிமெண்டு தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அத்தை என் முதுகைத் தடவி, "ஒரே ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்ருடி. பாவம், அவன் காது அதக் கேட்டு எத்தன வருஷமாச்சு" என்றார். நான் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கூப்பிட்டேன். என் சொந்தக் குரலில் கூப்பிட்டேன். பில்மானைத்தான் கூப்பிட்டேனா என்று கேட்டால் இல்லை. ஆனால் அது வேறொரு பெண் கூப்பிட வேண்டிய இடம். அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க இருந்த ஒரே முறையை நான் எடுத்துக்கொண்டேன். இனி அதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை உடலை எடுப்பதற்கு முன், நடைவழித் தொட்டியில் நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் வந்து அறை எண்களைப் படித்துக்கொண்டு நின்றாள். மூக்கும் கண்ணும் படத்தில் இருந்தவருடையவை. அவள்தான் குக் இதுன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"நீ கடைக்குட்டி தானே? எங்க கிளாஸ்ல உன்ன மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்போம். இங்க என்ன ஷூட்டிங்கா?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெட்டியில் வைத்தபோது உள்ளே போனதையும் சொன்னேன். அவள் பையைத் தரையில் போட்டாள்.

"எங்கப்பா மூஞ்சிய பார்க்கிறதுக்கு நீ யாருடி? உனக்கு ஊர் பூரா சொந்தம் இருக்குல்ல? எனக்குன்னு இருந்த ஒண்ணையும் வந்து எடுத்துக்கணுமா?" என்றாள். அவள் அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

தலையை வாரியிருந்தார்கள் என்று சொன்னேன். காதுக்குப் பின்னால் சிமெண்டு இருந்தது என்று சொன்னேன். முடிவு தெரியாத ஜோக்குகளையும் வெள்ளரிக்காயையும் சொன்னேன். அவள், "எனக்கும் வெள்ளரிக்கா ஆகாது" என்றாள். அதன் பிறகு கடற்பாசிச் சூப்பைச் சொன்னேன். அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் என் தலையிலிருந்த ஊசியை எடுத்து அவள் தலையில் குத்தினேன். அவளுடைய முடி வழவழவென்று இருந்ததால் இரண்டு தடவை நழுவியது.

நாங்கள் இருவரும் உள்ளே போனதும் அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இதுனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "நேத்து டிவியில பார்த்துட்டேன்டி. பெட்டில வச்சு முடிச்சப்புறம்தான் பார்த்தேன். அழுதுட்டு இருக்கிற புள்ளைய எழுப்பிப் போடின்னு சொல்ல எனக்கு வாய் வரல. முகத்தத் தொடைச்சுக்க. பஸ்ல எடமிருக்கு, நீயும் வா" என்றார். நான் யார் என்று சனிக்கிழமையே தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தது குற்றம் என்று அதிகாரி விளக்கினார். ஆனால் அத்தை கதவைப் பூட்டவில்லை. என் போனைப் பிடுங்கவில்லை. நான் போக விரும்பியிருந்தால் எந்த நேரமும் போயிருக்கலாம். நான் விரும்பவில்லை.

எரியூட்டும் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் முகக்கவசம் இல்லாத என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். முதலில் ஒருவர் போனைத் தூக்கினார். பிறகு எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். "ஐயோ நம்ம கடைக்குட்டி! உன்ன ஊரே தேடுது, நீ இங்க நிக்கிற!" என்றார் ஒருவர். இன்னொருவர், "வந்ததுதான் வந்துட்டே, அப்பா பாட்ட ரெண்டு வரி பாடும்மா, எங்க அண்ணனுக்கும் கேக்கட்டும்" என்றார். எனக்கு வாய் தானாகத் திறந்தது. இதை வெட்கத்தோடு சொல்கிறேன். யாராவது பாடு என்றால் என் வாய் திறந்துவிடும். அத்தை கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, தன் கறுப்புப் பாவாடையை விரித்து என் முன்னால் நின்று, "உள்ள எரியிறது மனுஷன்டா! வெறகா எரியுது? போன கீழ எறக்குங்கடா! புள்ள எதுக்குப் பாடணும்? அவளுக்கும்தான் துக்கம்!" என்று கத்தினார். போன்கள் இறங்கின. என் தகப்பனாருடைய சாவில் எனக்காக இப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

ஆனாலும் அந்தப் படம் இணையத்தில் போய்விட்டதால் சற்று நேரத்தில் என் தாயாரும் மியோங் அண்ணனும் காவலர்களோடு வந்தார்கள். என் தாயார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு என் காதில், "நீயா வந்தேன்னு வெளிய தெரிஞ்சா தொலைஞ்சோம்டி. சாவு வீட்ல பொய் சொல்லி உக்காந்தவன்னு ஊர் காறித் துப்பும்" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அத்தைக்குக் கேட்டுவிட்டது. அவர் காவலரிடம் போய் இரண்டு கையையும் நீட்டி, "நான்தாங்க புடிச்சு வச்சேன். போறேன் போறேன்னு அழுதா, நான்தான் வெரட்டி உக்கார வச்சேன். புள்ளமேல ஒண்ணும் இல்லீங்க" என்றார். அவர் சொன்ன அத்தனையும் பொய். அவருடைய தம்பியின் எலும்பை எடுத்துத் தருவதற்கு முன்பே அவரை வண்டியில் ஏற்றினார்கள். இதுனும் பாங்கும் அதை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே வந்த பிறகு நடைவழியில் என் தாயார் என் கைகளைத் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பொம்பளையே ஒத்துக்கிட்டா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, அவளுக்கு நல்ல வக்கீலா நாம வச்சுக் குடுத்துறலாம். உனக்கு என்னடி போச்சு?" என்று கேட்டார். எனக்கு என்ன போகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வயதிலிருந்து எல்லோரும் எனக்காகத்தான் எல்லாம் செய்வதாகச் சொல்கிறார்கள். அத்தை ஒருவர்தான் அப்படிச் சொல்லாமல் செய்தவர். அவருக்கு நான் பாடிக் காட்டியதே இல்லை. அந்த நாட்களில் அந்த அறையில் ஒருவரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு நான் மேடையில் ஏறினால், இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் என்னால் இனி அழ முடியாது, சிரிப்புத்தான் வரும்.

ஆகவே, குக் பில்சுன் என்னைக் கடத்தவில்லை, அடைத்து வைக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகப் போனேன். நான் அவருடைய தம்பி மகள் இல்லை என்று தெரிந்தே மகளாக நின்றேன். ஏமாற்றியது நான், ஏமாந்தது அவர். இதற்காக என்மேல் எந்த வழக்குப் போட்டாலும், ரசிகர் மன்றத்தார் என்ன பேசினாலும் ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை அஸ்தி மாடத்தில் பில்மானுக்குச் சடங்கு செய்ய வேண்டும். அதற்குள் அத்தையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதுனுக்கு எப்படி விழுந்து வணங்குவது என்று தெரியாது, பாங்குக்கு முட்டி மடங்காது, சொல்லித்தர வேறு ஆள் இல்லை. நான் போக மாட்டேன். அது என் இடம் இல்லை.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என் நினைவுக்கு எட்டியவரை நடந்ததே, யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததோ எழுதிக் கொடுத்ததோ இல்லை. அதிகாரி முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. அதன் பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதான், ஒன்பது வயதில் நிறுவனத்தார் வரைந்து கொடுத்துப் பழக்கியது. பெயரும், அதன் வாலில் சிரிக்கிற ஒரு பூவும். பூ இல்லாமல் போடப் பார்த்தேன். பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் கை பூவைப் போட்டுவிட்டது. அதிகாரி வேறு தாள் கொடுத்தார். அதிலும் பூ வந்துவிட்டது. இந்தப் பூவோடு நீதிமன்றத்துக்குப் போனால் நான் சொன்ன எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகையால் அந்தத் தாள்களைக் கிழித்துவிடும்படி கேட்டுக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரிந்திருந்தும் கைநாட்டு வைக்கிறேன்.

பியோ தல்லே, வலது கைப் பெருவிரல் ரேகை.

என் முன்னிலையில் வைக்கப்பட்டது: தோ மியோங்ஹி, உதவி ஆய்வாளர்.